அரிசி மூட்டையும் புகார்ப் படிவமும்

மாதத்தின் முதல் சனிக்கிழமை, சாயங்காலப் பூசை முடிந்ததும் எங்கள் கோயிலின் பின்மண்டபத்தில் சாமான் கட்டுவோம். ஐந்து கிலோ அரிசி, ஒரு பாக்கெட் எண்ணெய், சீனி, பருப்பு, மீகூன், மூன்று டின் சார்டின். ரவாங்கிலும் சுற்றுவட்டாரத்திலும் மொத்தம் முப்பத்தொரு குடும்பங்கள். பாதிப்பேர் தோட்டம் விற்கப்பட்டபோது வெளியே வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். லிஃப்ட் இல்லாத மலிவு வீடுகளில் இருக்கிறார்கள். நான்காவது மாடிக்கு அரிசி தூக்கிக்கொண்டு ஏறுவது எங்களைப் போன்ற இளைஞர்களின் வேலை. ஜெபம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

2025 மார்ச் மாதம் அந்த மண்டபத்தில் ஒரு சண்டை நடந்தது. அரிசி வழக்கமாக ஒரே ஆளிடமிருந்துதான் வரும். எங்கள் பங்கைச் சேர்ந்தவர், துப்புரவுக் குத்தகை எடுப்பவர். மாதம் தவறாமல் லாரியில் அனுப்பிவிடுவார். தன் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற விஷயத்தில் அவர் உண்மையாகவே கண்டிப்பானவர். அன்றைக்கு, குழுவில் இருக்கும் அக்கா ஒருவர், பட்டியலில் இருந்த ஒரு பெண்ணின் பெயரைக் காட்டி, "இவங்க யாருகிட்ட வேலை செய்றாங்க தெரியுமா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அரிசி கொடுப்பவரிடம்தான். மாதம் 1,200 ரிங்கிட். சொக்சோ இல்லை, ஈபிஎஃப் இல்லை. அதே வருடம் பிப்ரவரியில்தான் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500லிருந்து 1,700 ஆகியிருந்தது.

"அப்ப இந்த அரிசி யாரோடது?" என்று அக்கா கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் பாதிதான் தெரியும்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா லாரியில் அடிபட்டு எட்டு மாதம் வீட்டில் கிடந்தார். அப்போது எங்கள் வீட்டுக்கும் இந்தப் பை வந்தது. பையில் கோயில் பெயர் அச்சடித்திருக்கும். அம்மா சாமான்களை எடுத்து வைத்துவிட்டு, பையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித்தான் மடித்து வைப்பார். எங்களை பசாருக்கு அனுப்பும்போதும் திருப்பிய பைதான். ஏன் என்று கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத வயதில்தான் அது புரிந்தது. எனவே தர்மம் கேவலமானது என்று புத்தகம் படித்து முழங்குபவர்களோடு எனக்கு ஒட்டாது, அந்த எட்டு மாதம் நாங்கள் சாப்பிட்டோம். தர்மம் மட்டும் போதும் என்பவர்களோடும் ஒட்டாது, அந்தப் பை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குழுவை நடத்தும் அங்கிளுக்கு எழுபது வயது. தோட்டத்தில் பிறந்து, சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைச் சாதாரணமாக எடைபோட்டுவிடக் கூடாது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உட்காருவார், நாற்காலி இல்லையென்றால் தரையில். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார். பையைக் கடைசியில், செருப்பு மாட்டும்போதுதான் கொடுப்பார். "தம்பி, நாம பை கொடுக்கப் போகல. பார்க்கப் போறோம். பை ஒரு சாக்குதான்" என்று எனக்கு முதல் நாளே சொன்னார். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி முற்றிவிட்டது, எந்தப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் சுற்றுகிறான் என்று எல்லாம் தெரியும். என்னுடைய எக்செல் பட்டியலுக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

அங்கிள் செய்வதற்கு ஒரு வரலாறு உண்டு. 1833இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர் சில நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்ததுதான் வின்சென்ட் தே பவுல் சபை. அப்போது அவருக்கு வயது இருபது. உங்கள் மதம் ஒரு காலத்தில் பெரிய காரியங்கள் செய்திருக்கலாம், இப்போது என்ன செய்கிறது என்று சக மாணவர்கள் மடக்கியபோது பதில் சொல்ல முடியாமல்தான் விறகு தூக்கிக்கொண்டு ஏழைகளின் வீட்டுக்குப் போனார்கள். ஏழையைக் கோயில் வாசலுக்கு வரவழைக்காமல் நாமே அவன் வீட்டுப் படியேறுவது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். ஆனால் அதே ஓசானாம் பிற்பாடு, காயத்துக்கு எண்ணெய் வார்ப்பது அன்பின் வேலை, வழிப்பறி நடக்காமல் தடுப்பது நீதியின் வேலை என்ற பொருளில் எழுதினார். நல்ல சமாரியன் கதையைப் பிரசங்கத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்த எரிக்கோ ரோட்டில் கள்ளர்களைப் பிடிக்க வேண்டியது யார் என்று யாரும் கேட்டதில்லை.

அக்கா கேட்பது அதைத்தான். ப்ரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். தொழிலாளர் இலாகாவில் எந்தப் படிவம், எந்தக் கவுண்டர் என்பதெல்லாம் அத்துப்படி. "பத்து வருசமா ஒரே வீட்டுக்கு அரிசி தூக்குறோம் அங்கிள். பத்து வருசத்துல ஒரு தடவையாவது ஏன்னு கேட்டோமா?" என்பார்.

நான் வேலை செய்வது கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில். அங்கே ஒரு பழுதான பாகம் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டால் 'எய்ட் டி' என்ற அறிக்கை எழுத வேண்டும். எட்டுப் படிகள். மூன்றாவது படி, பழுது மேலும் பரவாமல் உடனே தடுப்பது: இருக்கும் சரக்கையெல்லாம் பிரித்துப் பார்த்துக் கெட்டதை ஒதுக்கு. மூலகாரணம் நான்காவது படியில். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் ஒதுக்கலாம் என்று எவனும் சொல்ல மாட்டான், அதற்குள் ஆயிரம் பாகம் போய்விடும். ஆனால் ஒவ்வொரு மாதமும் மூன்றாவது படியோடு அறிக்கையை மூடினால் தணிக்கைக்கு வருபவர் சும்மா விட மாட்டார். ஆக இரண்டும் வேண்டும், சண்டை எதற்கு என்று அன்றைக்கு மண்டபத்தில் எழுந்து சொன்னேன். புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக ஒரு நினைப்பு வேறு. அக்கா என்னைப் பார்த்து, "பாகத்துக்கு வெட்கம் கிடையாது தம்பி. வேலை போயிருமேன்ற பயமும் கிடையாது" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

வெட்கம் என்றதும் 2021 ஞாபகம் வருகிறது. ஜூன் முதல் தேதி முழு முடக்கம் வந்து, மாதக் கடைசியில் வெள்ளைக் கொடி இயக்கம் பரவியது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் ஜன்னலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், பார்ப்பவர்கள் உதவுவார்கள். நாடு முழுக்க எல்லா இன மக்களும் உதவினார்கள், அது பொய்யில்லை. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், கொடியைத் தூக்காதீர்கள், கடவுளிடம் கையைத் தூக்குங்கள் என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டதும் அப்போதுதான். அவரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் எங்கள் பட்டியலில் இருந்த ஒரு வீட்டிலும் கொடி இல்லை. பை திருப்பி மடிக்கும் வீடுகள் அவை, கொடி எப்படிக் கட்டும்?

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2019 ஆகஸ்டில், ஐ.நா.வின் வறுமை குறித்த சிறப்புத் தூதர் ஃபிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்தார். மலேசியாவில் வறுமை 0.4 விழுக்காடுதான் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தக் கணக்கின் வறுமைக்கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட். இதை நம்ப முடியாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதும் இங்கே பலருக்குக் கோபம் வந்தது. அடுத்த வருடமே கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தினார்கள், விழுக்காடு 5.6 ஆனது. அளவுகோலை மாற்றியதும் அதுவரை இல்லாமல் இருந்த ஏழைகள் ஒரே நாளில் இருக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் அரிசி தூக்கிய படிக்கட்டுகளில் அவர்கள் எப்போதும் இருந்தார்கள்.

அக்காவின் பக்கம் நின்றவர்களுக்கு இந்த வட்டாரத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும், எங்கள் பெரியவர்களின் பயத்துக்கு அதில்தான் வேர் இருக்கிறது. 1987 மே 21, சிங்கப்பூர். 'மார்க்சியச் சதி' என்று சொல்லி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் 16 பேரைப் பிடித்தார்கள், அடுத்த மாதம் இன்னும் 6 பேர். சதியின் தலைவர் என்று காட்டப்பட்ட வின்சென்ட் செங், கத்தோலிக்க மறைமாவட்டத்தின் நீதி, அமைதி ஆணைக்குழுவில் முழுநேர ஊழியர். கேலாங்கில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கத்தோலிக்க மையத்தில் உதவியவர்களும் பிடிபட்டார்கள். வீட்டு வேலைக்கு வந்து அடிபட்ட, சம்பளம் கிடைக்காத பெண்கள் ஓடிவந்து தங்கிய இடம் அது. பேராயர் கிரகோரி யோங் முதலில் தன் ஊழியர்களுக்கு ஆதரவாக அறிக்கை விட்டார். ஜூன் 2ஆம் தேதி பிரதமர் லீ குவான் யூவைச் சந்தித்த பிறகு, இது திருச்சபைமீதான தாக்குதல் இல்லை என்று ஏற்றுக்கொண்டார். இந்த வேலைகளில் ஈடுபட்டிருந்த நான்கு குருக்கள் பொறுப்புகளை விட்டு விலகினார்கள். வின்சென்ட் செங் 1990 வரை சிறையில் இருந்தார்.

அதே வருடம் அக்டோபர் 27ஆம் தேதி இங்கே ஓப்பராசி லாலாங். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அவர்களில் லசால் சபையின் பிரதர் அந்தோணி ரோஜர்ஸும் ஒருவர், கத்தோலிக்க ஆயர்களின் மனித மேம்பாட்டு அலுவலகத்தை நடத்தியவர். மதமாற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சில கிறிஸ்தவர்களும் அதே பட்டியலில் இருந்தார்கள். ஆத்துமாவை இரட்சிக்கக் கிளம்பியவர்களும் வயிற்றைப் பற்றிப் பேசியவர்களும் ஒரே சட்டத்தில் உள்ளே போனார்கள். வெளியே இருந்தவரை இந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று ஒத்துப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேராயரைக் கோழை என்று திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். பின்னால் யோசித்துப் பார்த்தால் அவருக்கு முன்னால் இருந்த கேள்வி எங்கள் மண்டபத்தில் இருந்த அதே கேள்விதான், அளவு மட்டும் பெரிது. எதிர்த்தால் பள்ளிக்கூடங்கள், மருத்துவமனை, முதியோர் இல்லம் எல்லாம் என்ன ஆகும்? எதிர்க்காவிட்டால் அந்த வீட்டுப் பணிப்பெண்கள் எங்கே போவார்கள்? அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் பணிப்பெண்களின் குரல் சேர்க்கப்பட்டதா என்பதுதான் என் உறுத்தல்.

சரி, அரிசிக்கு வருகிறேன். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த பசிலியார் இந்த விஷயத்தில் கொஞ்சம்கூடச் சுற்றி வளைக்கவில்லை: உன் அலமாரியில் மீதமிருக்கும் உடுப்பு, உடுப்பில்லாதவனுடையது. அதைக் கொடுப்பது தானமே இல்லை, திருப்பிக் கொடுப்பது. அப்படிப் பார்த்தால் எங்கள் மண்டபத்தில் இருந்த கணக்கு ரொம்ப எளிது. 1,700 தர வேண்டிய இடத்தில் 1,200 தந்தால் மாதம் 500 ரிங்கிட் பாக்கி. அந்தப் பாக்கியில் ஒரு துண்டு, அரிசியாக மாறி, கோயில் வழியாகச் சுற்றி, நன்றி சொல்ல வேண்டிய பொருளாக அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்ச் சேருகிறது.

இதைவிடக் கடுமையான வசனம் சீராக்கின் ஞானம் 34ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஏழைகளிடமிருந்து எடுத்ததைக் கொண்டுவந்து பலி செலுத்துபவன், தகப்பன் கண்ணெதிரே மகனைக் கொல்பவனைப் போன்றவன் என்கிற மாதிரி வரும். (மெதடிஸ்ட் நண்பர்களிடம் இதைச் சொல்ல முடியாது, அவர்கள் பைபிளில் அந்தப் புத்தகமே கிடையாது. அது வசதியா வசதிக்குறைவா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.) 1514இல் கியூபாவில் பார்த்தொலொமே தெ லாஸ் காஸாஸ் என்ற குருவானவர் பிரசங்கத்துக்குத் தயார் செய்யும்போது இந்த அதிகாரத்தைத்தான் படித்தார். அவருக்கே நிலமும், அதில் கட்டாய வேலை செய்யும் பூர்வகுடிகளும் இருந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மீதி வாழ்க்கையை அந்த மக்களுக்காக வாதாடுவதில் கழித்தார். கதை இங்கேயே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் பூர்வகுடிகளைக் காப்பாற்றும் அவசரத்தில், அவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று அதே மனிதர் யோசனை சொன்னார். பிற்காலத்தில் அதற்காக வருந்தி எழுதியும் வைத்தார். நீதிக்காகக் கிளம்புகிறவன் தன் கண்ணுக்குத் தெரியாத இன்னொருவன் தலையில் பாரத்தை ஏற்றிவிட முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான், புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்று அக்கா சொன்னபோது, முதலில் அந்தப் பெண்ணைக் கேட்போம் என்றேன். அங்கிளும் அக்காவும் நானும் போனோம். வழக்கம்போல அங்கிள் தரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது. அக்கா மெதுவாக, நல்லவிதமாகத்தான் எடுத்துச் சொன்னார்: பாக்கிச் சம்பளத்தைக் கேட்க முடியும், சொக்சோ கட்டாதது குற்றம், செலவு ஒன்றும் ஆகாது.

அந்த ஆன்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேஸ் போடுங்க அம்மா. நல்லதுதான். ஆனா என் பேரைப் போடாதீங்க" என்றார்.

பெயர் இல்லாமல் பாக்கியைக் கேட்க முடியாது. பெயர் போடாமல் தகவல் மட்டும் கொடுக்கலாம், ஆனால் அந்த இடத்தில் வேலை செய்பவர்களே ஆறு பேர். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போதும். அவருக்கு இரண்டு பிள்ளைகள், ஒன்று ஐந்தாம் படிவம். கீழே இறங்கி வரும்போது மூன்று பேரும் பேசவில்லை.

எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் உறைத்தது. அன்பா, நீதியா என்றுதான் இத்தனை நாள் சண்டை போட்டோம். யார் விலை கொடுப்பது என்று இரண்டு பக்கமும் பேசவே இல்லை. அங்கிளின் வழியில் ஏழை கொடுக்கும் விலை வெட்கம். அக்காவின் வழியில் ஏழை கொடுக்கும் விலை வேலை. இரண்டு வழியிலும் முதலில் தன் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டியவர் அந்த ஆன்டிதான், ஒன்றில் உதவிப் படிவத்தில், மற்றதில் புகார்ப் படிவத்தில். எங்கள் மூன்று பேரின் பெயரும் எதிலும் இல்லை. வின்சென்ட் செங்மீது எனக்கு இருக்கும் மரியாதை இதனால்தான். அவருடைய அரசியல் எனக்கு முழுதாகத் தெரியாது, ஆனால் விலையைப் பணிப்பெண்கள் தலையில் கட்டாமல் தானே கொடுத்தார்.

நாங்கள் என்ன விலை கொடுக்க முடியும்? குத்தகைக்காரரிடம் நேரே போய்ப் பேசலாம். போனால் அரிசி நிற்கலாம், முகம் முறியலாம். எனக்கு இன்னொன்றும் இருந்தது. நான் பல்கலைக்கழகம் போன வருடம் முதல் பருவக் கட்டணத்தில் 500 வெள்ளி அவர் கொடுத்தது. இன்றுவரை ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நல்ல மனுசன். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

அங்கிளும் நானும் போனோம். அக்கா வந்தால் சண்டையாகும் என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். ஆன்டியின் பெயரைச் சொல்லாமல், "உங்க ஆளுங்க எல்லாருக்குமே" என்று பொதுவாகத்தான் பேசினேன். அவர் கோபப்படவில்லை. ஒரு கோப்பை எடுத்து வந்து காட்டினார். "பாருங்க தம்பி, தொழிற்சாலைக்காரன் கொடுக்கிற விலை இதான். 1,700 கொடுத்து சொக்சோவும் கட்டினா நான் கோட் பண்ற விலைக்கு எவனும் எடுக்க மாட்டான். அடுத்தவன் பங்களாதேஷ் ஆளைப் போட்டு எடுத்துட்டுப் போயிருவான். அப்புறம் இவங்க ஆறு பேருக்கும் 1,200கூட இல்லை."

சாக்கு என்று சொல்லிவிடலாம். பாதி சாக்குதான், அவர் வீட்டு முன்னால் நிற்கும் காரைப் பார்த்தால் தெரியும். ஆனால் மீதிப் பாதி எனக்கு ரொம்பத் தெரிந்த விஷயம். என் தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையைக் குத்தகைக்குத்தான் விடுகிறார்கள். மூன்று கொட்டேஷன் வாங்கி, ஆகக் குறைந்ததை எடுப்பார்கள். போன வருடம் அந்த ஒப்பீட்டுத் தாளில் எங்கள் பிரிவின் சார்பாகக் கையெழுத்துப் போட்டது நான். குறைந்த விலைக்கு எதிரே டிக் அடித்தபோது அந்த விலைக்குள் எத்தனை பேருடைய சொக்சோ காணாமல் போயிருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டால் மூலகாரணம் கிடைக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே நான்காவது 'ஏன்' என் மேசைக்கு வந்து நின்றது.

சித்தி, ரவாங் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க கத்தோலிக்கருங்க ஏழையைப் பத்தி மாநாடு போடுவீங்க. எங்க பாஸ்டர் உங்க சித்தப்பாவைக் குடியை விட வச்சாரு. வீட்ல காசு நிக்குது" என்றார். தசமபாகம் கொடுத்தால் ஆசீர்வாதம் பெருகும் என்ற போதனை எனக்கு எரிச்சல் தருவது, ஏழையாக இருப்பது விசுவாசக் குறைவு என்பதன் மறுபக்கம் அது. ஆனால் சித்தப்பா குடியை விட்டது நிஜம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த கூட்டத்தில் அரிசியை வாங்குவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு மாதிரி ஒன்று நடந்தது. வாங்குவது என்று முடிவானது. நானும் அதற்குத்தான் கை தூக்கினேன், வாங்காவிட்டால் பட்டினி கிடக்கப் போவது நாங்கள் இல்லை. அக்கா தூக்கவில்லை. ஆனால் குழுவை விட்டும் போகவில்லை. குத்தகைக்காரர் மூன்று பேருக்குச் சொக்சோ பதிந்துவிட்டதாக மே மாதம் அங்கிளிடம் சொல்லியிருக்கிறார். சம்பளம் 1,350 ஆகியிருக்கிறது என்று ஆன்டி சொன்னார், இன்னும் சட்டத்துக்குக் கீழேதான். அரிசி நிற்கவில்லை. என் தொழிற்சாலையில், கொட்டேஷனோடு சொக்சோ கட்டிய ரசீதும் வைக்கச் சொல்லலாமே என்று கொள்முதல் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அது ஜூன் மாதம்.

உதவி கேட்பவர்களுக்கான எங்கள் படிவத்தில் ஒரு புதுக் கட்டம் வேண்டும் என்றார் அக்கா: 'எங்கே வேலை, முதலாளி யார்?' பயந்துடுவாங்கம்மா, இத்தனை வருசம் அவங்க தேத்தண்ணி கொடுத்த நம்பிக்கை போயிரும் என்று அங்கிள் மறுத்தார். நீண்ட நேரம் பேசி, கட்டத்தைச் சேர்ப்பது, ஆனால் கட்டாயம் என்று போடாமல் விடுவது என்று ஆனது. எக்செல்லில் அந்தப் பத்தியைச் சேர்த்தது நான்தான். முப்பத்தொரு வரிசையில் இதுவரை நான்கு நிரம்பியிருக்கின்றன. அந்த ஆன்டியின் வரிசை காலியாகத்தான் இருக்கிறது.